வேர்ப் பட்டியலில் மூன்று தமிழ்ப் பெயர்கள்: ஆள்களப் பெயர் வணிகமும் 2011 சிங்கப்பூர்க் கூட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

இணைய ஆள்களப் பெயர்கள் தொடக்கத்தில் கட்டணமின்றி வழங்கப்பட்ட பதிவுகளாக இருந்தன. 1995க்குப் பின் அவை விலைப்பொருளாயின. 2011 ஜூனில் சிங்கப்பூரில் கூடிய ஐகான் நிறுவனம், மேல்நிலைப் பெயர்களையே விண்ணப்பத்திற்குத் திறந்துவிட முடிவு செய்தது. மொழிப் பன்மை அம்முடிவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆயினும் வேர்ப் பட்டியலில் இடம்பெற்ற தமிழ் மேல்நிலைப் பெயர்கள் மூன்றும் அச்சந்தையின் வழியாக வந்தவையல்ல. தமிழுக்கு ஆட்சித் தகுதி அளித்த மூன்று நாடுகளின் வழியாக வந்தவை. இவ்விரு வழிகளும் எவ்வாறு பிரிந்தன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆள்களப் பெயர், ஐகான், மேல்நிலைப் பெயர், பதிவகம், தமிழ் இணையம், சிங்கப்பூர், ஆட்சிமொழி

முன்னுரை

2011ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று சிங்கப்பூர் ராஃபிள்ஸ் சிட்டி மாநாட்டு மையத்தில் ஐகான் நிறுவனத்தின் ஆட்சிக்குழு ஒரு தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவாக 13 பேரும் எதிராக ஒருவரும் வாக்களித்தனர். இருவர் வாக்களிக்காமல் ஒதுங்கினர். தீர்மானம் நிறைவேறியது. அன்றுவரை .காம், .நெட், .ஆர்க் எனத் தொடங்கி இரண்டு டசன் அளவைக்கூட எட்டாதிருந்த பொதுவகை மேல்நிலைப் பெயர்களின் வரிசை, உரிய கட்டணமும் தகுதியும் உடைய எந்த நிறுவனமும் தன் விருப்பப் பெயரைக் கோரலாம் என்னும் நிலைக்குத் திறந்துவிடப்பட்டது.

இத்தீர்மானத்தை ஆதரித்தோர் முன்வைத்த வாதங்கள் மூன்று. போட்டி பெருகும்; புதுமை வளரும்; உரோமன் எழுத்தறியாத மக்கள் தம் எழுத்தில் இணையத்தைப் பெறுவர். முதலிரண்டும் எச்சந்தைத் திறப்பிலும் கூறப்படுபவை. மூன்றாவது வாதமே தமிழாய்வுக்கு நெருக்கமானது. சிங்கப்பூர் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்று தமிழ்ப் பெயர்களும் ஏற்கெனவே வேரில் இடம்பெற்றிருந்தன. அதன்பின் தொடங்கிய பெருஞ்சந்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய பெயர்களை வேரில் சேர்த்தது. அவற்றுள் தமிழ் எழுத்தில் அமைந்தது ஒன்றும் இல்லை.

பதிவேட்டிலிருந்து விலைப்பட்டியலுக்கு

ஆர்ப்பாநெட் காலத்தில் வலையமைப்பில் இணைந்த கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலுள்ள எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையம் அக்கோப்பைப் பேணிற்று. எலிசபெத் ஃபைன்லர் அம்மையத்தை வழிநடத்தினார். புதிய கணினிக்குப் பெயர் வேண்டுவோர் மையத்திற்குத் தெரிவித்தால் பெயர் கோப்பில் சேரும். பிற கணினிகள் அக்கோப்பைப் படியெடுத்துக்கொள்ளும். இது ஒரு கணக்கர் பேணும் பேரேட்டைப் போன்றது. பெயருக்கு விலை என்னும் எண்ணம் அங்கு எழ இடமே இல்லை.

கணினிகள் பெருகியபோது ஒரே கோப்பு போதாதாயிற்று. 1983 நவம்பரில் பால் மொக்காபெட்ரிஸ் ஆள்களப் பெயர் முறையின் முதல் வரைவுகளை வெளியிட்டார். பெயரை வலமிருந்து இடமாகப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியின் பொறுப்பையும் ஒவ்வோர் அமைப்பிடம் ஒப்படைப்பது அம்முறையின் உள்ளீடு. எல்லாப் படிகளுக்கும் மேலே ‘வேர்’ எனப்படும் ஒரு சிறு பட்டியல் உண்டு. .காம் பற்றி எந்த வழங்கியிடம் கேட்க வேண்டும், .இந்தியா பற்றி எந்த வழங்கியிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே அது கூறும். வேரில் இல்லாத மேல்நிலைப் பெயர் பொது இணையத்தில் இல்லாததற்குச் சமம். 1984 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெய்னால்ட்சும் வணிகம், கல்வி, அரசு, படை, பிற அமைப்புகள் என வகைப்பெயர்களையும் நாடுகளுக்குரிய ஈரெழுத்துக் குறியீடுகளையும் வரையறுத்தனர். .காம் வகையின் முதல் பெயரை 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்னும் கணினி நிறுவனம் பதிந்தது.

போஸ்டல் 1994 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறைக் குறிப்பு இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. ஆள்களங்களின் மீது உரிமையும் உடைமையும் பேசுவது பொருந்தாது. சமூகத்திற்கு ஆற்றும் பொறுப்பும் பணியுமே பேசத்தக்கவை என்பது அதன் சாரம். எது நாடு, எது நாடன்று எனத் தீர்ப்பது தம் பணியன்று என்றும், அதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பின் பட்டியலே அளவுகோல் என்றும் அதில் அவர் தெளிவுபடுத்தினார். தமிழ்ப் பெயர்களின் பிற்கால வரலாற்றை இவ்விரண்டாம் கருத்து பெரிதும் தீர்மானித்தது.

அக்குறிப்பு வெளிவந்து ஓராண்டும் சில மாதங்களும் கழிந்த நிலையில் உடைமை பேசும் காலம் தொடங்கிவிட்டது. 1993 ஜனவரி முதல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் உடன்படிக்கையின்கீழ் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் .காம், .நெட், .ஆர்க் பதிவுகளைக் கவனித்துவந்தது. செலவை அறக்கட்டளை ஏற்றது. 1995 செப்டம்பர் 14 முதல் பதிவு செய்வோரே பணம் செலுத்த வேண்டுமென அறிவிக்கப்பட்டது. முதல் இரண்டாண்டுகளுக்கு 100 டாலர். பின்னர் ஆண்டுக்கு 50 டாலர். அதில் 30 விழுக்காடு இணையக் கட்டமைப்பு நிதிக்கென ஒதுக்கப்பட்டது. 1998இல் அப்பகுதி நீக்கப்பட்டபோது கட்டணம் 70 டாலராகக் குறைந்தது.

தரவுத்தளத்தில் ஒரு வரியைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவுக்கும் 100 டாலருக்கும் தொடர்பு இல்லை என்பதை அன்றே பலர் சுட்டினர். விலை எழுந்தது வேறு காரணத்தால். வணிகர் விரும்பிய மேல்நிலைப் பெயர் ஒன்றே. அதனை வழங்கும் நிறுவனமும் ஒன்றே. வேரில் நூறு பெயர்களைச் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இருந்ததாகக் கூறவியலாது. போஸ்டலே 1996இல் முதற்கட்டமாக 150 வரையிலான புதிய மேல்நிலைப் பெயர்களைச் சேர்க்கலாமென முன்மொழிந்தார். அம்முன்மொழிவைத் தொடர்ந்து அமைந்த பன்னாட்டுக் குழு அவ்வெண்ணை ஏழாகச் சுருக்கியது. 1997 மே மாதம் ஜெனீவாவில் அதற்கான உடன்படிக்கை கையெழுத்தானது. அமெரிக்க அரசு குறுக்கிட்டதால் அந்த ஏழும் வேரில் ஏறவில்லை. பெயர்ப் பற்றாக்குறை ஆட்சி முடிவுகளால் விளைந்தது என்பதற்கு இவ்வீழ்ச்சியே போதிய சான்று.

மொத்த வணிகரும் சில்லறை வணிகரும்

1998 ஜூனில் அமெரிக்க வணிகத் துறை வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி, அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று ஐகான் கலிபோர்னியாவில் இலாபநோக்கற்ற கழகமாகப் பதிவாயிற்று. அதற்குப் பதினாறு நாள் கழித்துப் போஸ்டல் காலமானார். புதிய நிறுவனத்தின் முதல் பொதுக்கூட்டம் 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் நடைபெற்றது. பதிவாளர்களுக்கு ஏற்பளிக்கும் விதிகள் அக்கூட்டத்திலேயே ஏற்கப்பட்டன. ஏப்ரலில் ஐந்து அமைப்புகள் சோதனைக் கட்டப் பதிவாளர்களாக அறிவிக்கப்பட்டன. பெயர்த் தரவுத்தளத்தைப் பேணும் பதிவகம் மொத்த வணிகராகவும், மக்களிடம் பெயரை விற்கும் பதிவாளர் சில்லறை வணிகராகவும் பிரிந்த அமைப்பு இங்குத் தொடங்கியது. மொத்த விலை ஆண்டுக்கு 9 டாலராக இருந்து, அவ்வாண்டு இறுதியில் செய்த உடன்பாடுகளின்படி 6 டாலராயிற்று.

போட்டி சில்லறை விலையைக் குறைத்தது. மொத்த வணிகத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை. 2000 மார்ச்சில் வெரிசைன் நிறுவனம் ஏறத்தாழ 2,100 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை ஈடாகத் தந்து நெட்வொர்க் சொல்யூஷன்சை வாங்க முன்வந்தது. 2003இல் சில்லறைப் பகுதியை விற்றுவிட்டுப் பதிவகத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. எப்பகுதியில் பொருள் இருந்தது என்பதை இதுவே உணர்த்தும்.

2000 நவம்பரில் ஐகான் 47 விண்ணப்பங்களைப் பெற்று ஏழு புதிய பெயர்களைத் தேர்ந்தது; விண்ணப்பக் கட்டணம் 50,000 டாலர். அதே மாதம் வெரிசைன் சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய எழுத்துகளிலமைந்த .காம் பெயர்களைச் சோதனை என்னும் பெயரில் விற்கத் தொடங்கியது. பிறமொழி எழுத்துகளை ஆள்களப் பெயரில் குறியேற்றும் தரம் அப்போது முடிவாகவில்லை. பயனர் உலாவியில் தட்டினால் திறக்காத பெயர்களுக்கு மக்கள் பணம் கொடுத்தனர். தரம் 2003 மார்ச்சில் வெளிவந்தபோது அது வேறொரு குறியேற்றமாக இருந்தது. எழுத்துப் பன்மை வணிகருக்கு எவ்வளவு விரைவாக விளங்கியது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

2008 ஜூனில் பாரிசில் ஐகான் ஆட்சிக்குழு, எண்ணிக்கை வரம்பின்றிப் புதிய பெயர்களை ஏற்கும் கொள்கையை ஒப்புக்கொண்டது. அடுத்த மூன்றாண்டுகள் விண்ணப்பதாரர் கையேட்டின் வரைவுகளிலும் வணிகக்குறி உரிமையாளர்களின் எதிர்ப்பிலும் அரசுகளின் ஆட்சேபங்களிலும் கழிந்தன. 2010 நவம்பரில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது: மொத்த வணிகரும் சில்லறை வணிகரும் ஒருவர் மற்றவரின் உடைமையில் இருக்கலாகாது என்னும் தடை புதிய பெயர்களுக்கு நீக்கப்பட்டது. 1999இல் கட்டப்பட்ட சுவர் பதினோராண்டில் இடிந்தது.

சிங்கப்பூர், ஜூன் 2011

ஐகான் கூட்டங்களை வணிக மாநாடு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. நுழைவுக் கட்டணம் இல்லை. எவரும் ஒலிவாங்கியின் முன் நின்று பேசலாம். அரசுகளுக்கெனத் தனி ஆலோசனைக் குழு உண்டு. எனினும் பொதுவகைப் பெயர்களுக்குக் கொள்கை வகுக்கும் அமைப்பில் பதிவகங்களும் பதிவாளர்களும் வாக்குரிமையுடைய தனித்தனிக் குழுக்களாக அமர்கின்றனர். விற்போர் விதியமைக்கும் அவையிலும் உறுப்பினர் என்னும் இந்நிலையைப் பங்கேற்பு ஆட்சி என்று ஐகான் விளக்கும். விதியமைப்போரின் வருவாய் விதியின் பயனாளிகளிடமிருந்தே வருகிறது என்பதையும் உடன்வைத்து நோக்கினால்தான் படம் முழுமை பெறும். அலைந்து கூட்டங்களில் கலந்துகொள்ளப் பொருளும் நேரமும் உடையோரின் குரலே வரைவுகளில் படிகிறது. மொழி அமைப்புகளும் பல்கலைக்கழகத் துறைகளும் ஆண்டுக்கு மூன்று கண்டங்களில் கூடும் ஓர் அவையைத் தொடர்ந்து பின்பற்றுதல் எளிதன்று.

வாக்கெடுப்பின்போது ஆட்சிக்குழுத் தலைவராக இருந்தவர் நியூசிலாந்து வழக்கறிஞர் பீட்டர் டெங்கேட் திரஷ். அவரது பதவிக்காலம் அக்கூட்டத்துடன் முடிந்தது. சில வாரங்களில் அவர், புதிய பெயர்களுக்கு விண்ணப்பிக்கும் நோக்குடன் அமைந்த ஒரு நிறுவனத்தின் செயல் தலைவரானார். அன்றைய விதிகளில் இதற்குத் தடை இல்லை. விமரிசனம் எழுந்தது, 2011 டிசம்பரில் ஐகான் புதிய விதியொன்றை இயற்றியது. ஒரு பெயருக்கான விண்ணப்பத்துக்கு ஒப்புதலளிக்கும் உறுப்பினர், அப்பெயருடன் தொடர்புடைய நிறுவனத்தில் 12 மாதங்களுக்குப் பணியேற்கக் கூடாது என்பது அவ்விதி. தனியொருவரின் நடத்தையை எடைபோடுவதைக் காட்டிலும், இத்தகைய விதி 13 ஆண்டுகள் தேவையெனக் கருதப்படாமலிருந்தது என்பதே வரலாற்று மாணவருக்குப் பொருளுடையது.

விண்ணப்பக் கட்டணம் ஒரு பெயருக்கு 1,85,000 டாலர். கட்டணத்துடன், நிறுவனம் நொடித்தாலும் பதிவகம் மூன்றாண்டுகள் இயங்குவதற்கான நிதி உறுதியும் தரப்பட வேண்டும். தனிமனிதர் விண்ணப்பிக்க இயலாது. நிலைபெற்ற கழகம், அமைப்பு அல்லது நிறுவனம் மட்டுமே தகுதியுடையது. கையேட்டிலிருந்த படிவத்தின் முதல் வினா விண்ணப்பிக்கும் அமைப்பின் சட்டப்பெயர். பெயர் எம்மொழியைச் சார்ந்தது, எவ்வெழுத்தில் அமைந்தது என்னும் வினா 14ஆவதாக வருகிறது.

தமிழ் வேருக்கு வந்த வழி

இதே சிங்கப்பூரில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த மற்றொரு மாநாடு இவ்வரலாற்றின் மறுபக்கம். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் அமைந்த கவிதைத் திரட்டு ஒன்று இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழும் அதில் இடம்பெற்றது. அம்முயற்சியில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தான் டின் வீயும் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமியும் இணைந்து உழைத்தனர். 1997 மே மாதம் ‘தமிழ்நெட் 97’ மாநாடு அங்கு நடைபெற்றது. அன்றைய தமிழ்க் கணினியுலகின் தலையாய சிக்கல் எழுத்துருக் குழப்பம். ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் வேறு குறிகளாகத் தெரியும். மாநாட்டின் கவலையும் அதுவே. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய அடுத்த மாநாடும் விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றிலேயே கருத்தூன்றியது. 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ உருப்பெற்றது.

இவற்றுக்கிடையே, 1998இல், தான் டின் வீயின் குழுவினர் உரோமன் அல்லாத எழுத்துகளில் ஆள்களப் பெயர்களை இயக்கிக் காட்டும் ஆய்வில் இறங்கினர். ஆசிய பசிபிக் வலையமைப்பாளர்களின் துணையோடு நடந்த அச்சோதனையில் தமிழும் இடம்பெற்றது. சீனம், ஜப்பானியம் போன்ற பெருஞ்சந்தை மொழிகளுடன் தமிழ் தொடக்கத்திலேயே சேர்ந்ததற்கு, ஆய்வு நடந்த ஊரில் தமிழ் ஆட்சிமொழியாக இருந்தமை காரணம் எனக் கருதலாம். ஆய்வின் பயன் 1999இல் வணிக நிறுவனமாகவும் வடிவெடுத்தது என்பது அக்காலத்தின் இயல்பு.

தமிழெழுத்தை ஆள்களப் பெயரில் கொண்டுவருவதில் ஒரு நுண்ணிய சிக்கல் உண்டு. பழைய விதி உரோமன் எழுத்து, எண், இணைகோடு ஆகிய மூன்றை மட்டுமே ஏற்கும். ஒருங்குறியில் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் சேர்வதில்லை. ‘குறி’ என்னும் வகையில் அடங்கும். எனவே ‘எழுத்தும் எண்ணும் மட்டும்’ எனச் சோதிக்கும் மென்பொருள் ‘இலங்கை’ என்னும் சொல்லையே பிழையெனத் தள்ளிவிடும். தொல்காப்பியர் மெய்யின் இயல்பாகக் கூறிய புள்ளி, கணினிக்கு ஓர் ஒட்டுக்குறி. 2003ஆம் ஆண்டுத் தரம் இக்குறிகளை ஏற்று, அவற்றை உரோமன் எழுத்துத் தொடராக மாற்றி வேரில் பதியும் வழியை வகுத்தது.

2007 அக்டோபரில் ஐகான் 11 மொழிகளில் சோதனை மேல்நிலைப் பெயர்களை வேரில் ஏற்றியது. அரபி, பாரசீகம், சீனத்தின் ஈரெழுத்து முறைகள், உருசியம், இந்தி, கிரேக்கம், கொரியம், இத்திஷ், ஜப்பானியம் ஆகியவற்றுடன் தமிழும் அதில் இருந்தது. வேரில் ஏறிய முதல் தமிழ்ச் சொல் ‘பரிட்சை’. வழக்கில் ‘பரீட்சை’ என நெடிலுடன் எழுதப்படும் சொல் குறிலுடன் பதியப்பட்டது. பதிவின் குறியேற்றத் தொடரைப் பிரித்துப் பார்த்தால் அங்கிருப்பது குறில் இகரக் குறியே. சோதனை முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் அப்பெயர் அகற்றப்பட்டது. ‘தேர்வு’ என்னும் சொல் ஏன் கருதப்படவில்லை என வியக்கத் தோன்றும்.

2009 அக்டோபர் 30 அன்று சியோல் கூட்டத்தில் நாட்டுப் பெயர்களுக்கான விரைவுப் பாதை ஏற்கப்பட்டு, நவம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. அதன் நிபந்தனைகள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. கோரப்படும் சொல் நாட்டின் பெயரையோ அதன் பகுதியையோ பொருளுடன் குறிக்க வேண்டும். சொல்லின் மொழி அந்நாட்டில் அலுவல் நிலை உடையதாக இருக்க வேண்டும். செலவுக்கென 26,000 டாலர் செலுத்துமாறு வேண்டப்பட்டதே தவிர அது கட்டாயமன்று.

இவ்வாயிலின் வழியே இலங்கையின் சிங்களப் பெயருடன் .இலங்கை 2010இல் வந்தது. 2011 தொடக்கத்தில் சீனப் பெயருடன் .சிங்கப்பூர் வந்தது. இந்தியா முதற்கட்டமாகக் கோரிய ஏழு மொழிகளில் இந்தி, உருது, தெலுங்கு, குசராத்தி, பஞ்சாபி, வங்காளம் ஆகியவற்றுடன் தமிழும் ஒன்று. அதனால் .இந்தியா வந்தது. சங்க இலக்கியத்தையும் செம்மொழித் தகுதியையும் ஆறாத இணைய ஆர்வத்தையும் எவரும் இங்கு எடைபோடவில்லை. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையும் இலங்கை, சிங்கப்பூர் ஆட்சிமொழி ஏற்பாடுகளுமே வேலை செய்தன. மலேசியாவின் நிலை இதனை உறுதிப்படுத்தும். தமிழ்வழிப் பள்ளிகளும் நாளேடுகளும் உள்ள அந்நாடு பெற்ற உரோமனல்லாத பெயர் ஜாவி எழுத்தில் மட்டும் அமைந்தது. எது நாடு எனத் தீர்ப்பது தம் பணியன்று என்ற போஸ்டலின் நெறி, எது மொழி எனத் தீர்ப்பதையும் அரசுகளிடமே விட்டுவிட்டது.

1,930 விண்ணப்பங்கள்

சந்தையின் வாயில் 2012 ஜனவரி 12 அன்று திறந்தது. ஏப்ரலில் விண்ணப்ப மென்பொருளில் ஏற்பட்ட பிழையால் ஒரு விண்ணப்பதாரரின் விவரங்கள் மற்றவருக்குத் தெரிய நேர்ந்தது. வாயில் மூடப்பட்டு மே மாதம் மீண்டும் திறந்தது. ஜூன் 13 அன்று இலண்டனில் பட்டியல் வெளியிடப்பட்டது. மொத்தம் 1,930 விண்ணப்பங்கள். வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675, ஆசிய பசிபிக் பகுதியிலிருந்து 303, இலத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியனிலிருந்து 24, ஆப்பிரிக்காவிலிருந்து 17. டோனட்ஸ் என்னும் ஒரே நிறுவனம் 307 பெயர்களைக் கோரியது, கூகுள் 101, அமேசான் 76. ஒரு நிறுவனம் ஒரு கண்டத்தைப் போல் பதினெட்டு மடங்கு விண்ணப்பித்தது.

வசதியற்றோருக்குக் கட்டணத்தை 47,000 டாலராகக் குறைக்கும் உதவித்திட்டம் ஒன்றும் இருந்தது. அதை நாடி வந்தவை மூன்று விண்ணப்பங்கள். தகுதி பெற்றது ஒன்று. திட்டம் தாமதமாக அறிவிக்கப்பட்டமையும், தகுதியற்றதெனக் காணப்பட்டால் விண்ணப்பமே தள்ளப்படும் என்னும் நிபந்தனையும் பலரை அணுகவிடாமல் செய்திருக்கலாம்.

உரோமன் அல்லாத எழுத்துகளில் வந்தவை 116. பெரும்பகுதி சீன எழுத்தில் அமைந்தவை. பரிசீலனை வரிசையைத் தீர்மானிக்க 2012 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலசில் குலுக்கல் நடந்தபோது இவற்றுக்கு முன்னுரிமை தரப்பட்டது. முதல் எண் ‘கத்தோலிக்கம்’ என்னும் பொருளில் வத்திக்கான் கோரிய சீனப் பெயருக்கு விழுந்தது. 2013 அக்டோபர் 23 அன்று வேரில் ஏறிய முதல் நான்கு பெயர்களில் ஒன்று அரபி, இரண்டு உருசிய எழுத்து, ஒன்று சீனம். சிங்கப்பூரில் கூறப்பட்ட மொழிப் பன்மை வாதம் முழுப் பொய்யன்று என்பதை இது காட்டும். ஆனால் அப்பன்மை வாங்கும் ஆற்றலுள்ள சந்தையின் வடிவத்தைப் பெற்றது. இந்திய எழுத்துகளுள் தேவநாகரியில் சில பெயர்கள் வந்தன; அவையும் .காம், .நெட், .ஆர்க் பதிவகங்கள் தம் பெயர்களின் ஒலிபெயர்ப்பாகவோ பொருள்பெயர்ப்பாகவோ கோரியவை. வெரிசைன் தன் பெயர்களை 12 வடிவங்களில் கோரியது. அவற்றுள் தமிழ் இல்லை.

ஒரே பெயரைப் பலர் கோரியபோது ஏலம் தீர்த்துவைத்தது. ‘ஆப்’ என்னும் பெயரை 2015இல் கூகுள் 2.5 கோடி டாலருக்குச் சற்றே மிகுதியாகத் தந்து பெற்றது. ‘ஷாப்’ 2016 ஜனவரியில் 4.15 கோடி டாலருக்கும், ‘வெப்’ அவ்வாண்டு ஜூலையில் 13.5 கோடி டாலருக்கும் ஏலம் போயின. ‘வெப்’ ஏலத்தின் பின்னணியில் வெரிசைனின் பணம் இருந்தது பின்னர் வெளிப்பட்டு நீண்ட வழக்காயிற்று. 1997இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு வேரில் ஏறாத ஏழு பெயர்களுள் ‘ஷாப்’, ‘வெப்’ இரண்டும் இருந்தன என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அரசற்ற மொழிக்குச் சந்தையின் வழி முற்றிலும் அடைபட்டிருந்தது என்று கூறினால் அது மிகைக்கூற்றாகும். கட்டலான் மொழிச் சமூகம் 2005இலேயே .கேட் என்னும் பெயருக்கு ஒப்புதல் பெற்றது. அதற்கெனவே அமைக்கப்பட்ட அறக்கட்டளை ஒன்று பெயரைப் பேணுகிறது. அச்சுற்றின் விண்ணப்பக் கட்டணம் 45,000 டாலர். 2012 சுற்றில் பாஸ்க், கலீசியம், பிரெத்தன் மொழிச் சமூகங்களும் அவ்வாறே தத்தம் பெயர்களைப் பெற்றன. இம்மொழிகளைப் பேசுவோர் தொகை தமிழரின் தொகையில் சிறு பின்னமே. வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. பெயரை ஏற்று நடத்தும் சட்ட அமைப்பும் அதன் பின்னே நிற்கும் நிதியும் இருந்தனவா என்பதில் உள்ளது. தமிழ்க் கணினி மாநாடுகள் எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை ஆகியவற்றுக்கு ஆற்றிய பணி பெரிது. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது அப்பணியின் பயன். எனினும் பதிவகம் என்னும் அமைப்பைப் பற்றிய உரையாடல் அவற்றில் வேரூன்றவில்லை. எழுத்தைத் திரையில் நிறுத்தும் போராட்டம் முடிந்த ஆண்டிலும் அதையடுத்த ஆண்டிலுமே பெயர்ச்சந்தையின் விதிகள் இறுதியாயின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பக் காலமும் இருக்கவில்லை.

எழுத்து விதிகள் சார்ந்த பணி அதன்பின் நிறைவெய்தியது. ‘ஔ’ என்னும் ஓரெழுத்தும் ‘ஒள’ என்னும் ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதும், ‘ஸ்ரீ’ ஒருங்குறியில் இருவேறு குறித்தொடர்களால் எழுதப்படக் கூடியதாக இருப்பதும் ஏமாற்றுப் பெயர்களுக்கு இடந்தருபவை. இத்தகைய வடிவங்களை வரையறுக்கும் வேர் மண்டல விதித்தொகுப்பில் 2019இல் பிற இந்திய எழுத்துகளுடன் தமிழும் சேர்க்கப்பட்டது. அடுத்த சுற்றுக்கான விண்ணப்பக் காலம் 2026 ஏப்ரல் 30 அன்று தொடங்கும் என ஐகான் அறிவித்தது. கட்டணம் 2,27,000 டாலர். தகுதியுடைய சிறு அமைப்புகளுக்கு அதில் 75 முதல் 85 விழுக்காடு வரை குறைக்கும் உதவித்திட்டம் இம்முறை 2024 நவம்பரிலேயே, சுற்றுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாக, திறக்கப்பட்டது.